ஆறாத கால் புண்: உள்ளே நடப்பது என்ன?



மருத்துவ உதவி கேட்டு நமது அறக்கட்டளைக்கு வரும் குடும்பங்களில், சர்க்கரை நோயால் காலில் புண் வந்து ஆறாமல் தவிப்பவர்களை அடிக்கடி பார்க்கிறோம். லாங் பஜாரில் காலை முதல் இரவு வரை நின்றபடி வியாபாரம் செய்பவர், லாரியிலிருந்து மூட்டை இறக்குபவர், டேனரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர், வீட்டை விட்டு அதிகம் வெளியே வராத தாய்மார் என எல்லோரும் இதில் உண்டு. அவர்கள் சொல்வது ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். "சின்னக் காயம்தான். வலியே இல்லை. மெடிக்கலில் களிம்பு வாங்கிப் போட்டோம். இரண்டு மாதமாகியும் ஆறவில்லை." அதற்குப் பிறகு வருவது விரலை எடுத்த செய்தி, சில வீடுகளில் காலையே எடுத்த செய்தி.

வலியில்லாத ஒரு சின்னக் காயம் ஏன் ஆறுவதில்லை? களிம்பு ஏன் வேலை செய்வதில்லை? இதற்கான விடையில் பெரும் பங்கு நம் உடம்பே சுரக்கும் ஒரு வகை நொதியில் இருக்கிறது. அதைப் பற்றித் தெரிந்துகொண்டால், மருத்துவர் சொல்லும் ஒவ்வொரு அறிவுரைக்கும் காரணம் விளங்கும். காரணம் விளங்கினால் அதைக் கடைப்பிடிப்பது எளிது.

தோல் ஊருக்குத் தெரிந்த பொருள்

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று நம் பகுதி முழுவதும் தோலை நம்பி வாழ்ந்த பகுதி. உப்பிட்ட பச்சைத் தோலை ஊறவைத்து, சுண்ணாம்பில் போட்டு, முடியையும் சவ்வையும் நீக்கிய பின் எஞ்சுவது பெரும்பாலும் ஒரே பொருள்தான். அதன் பெயர் கொலாஜன். நம் தோலிலும் ஈரத்தைக் கழித்துப் பார்த்தால் ஏறத்தாழ முக்கால் பங்கு இதுதான். எலும்பு, தசைநார், மூட்டின் குருத்தெலும்பு, ரத்தக் குழாயின் சுவர், பல் ஈறு எல்லாவற்றையும் தாங்கி நிற்பதும் கொலாஜனே.

இது எப்படி அமைந்திருக்கிறது என்பதைக் கண்டறிந்ததில் நம் மாநிலத்துக்குப் பெருமை உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954, 1955 ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட ஆய்வுகளில், கொலாஜன் என்பது மூன்று இழைகள் ஒன்றையொன்று சுற்றி முறுக்கிய கயிறு போன்றது என்று காட்டினார்கள். ஒவ்வொரு இழையிலும் ஏறத்தாழ ஆயிரம் அமினோ அமிலங்கள் கோக்கப்பட்டிருக்கின்றன. முறுக்கு மிக நெருக்கமாக இருப்பதால், சாதாரண நொதிகள் உள்ளே நுழைந்து அதை அறுக்க முடியாது. தோல் பதனிடும்போது ஆவாரம் பட்டையும் கடுக்காயும் குரோமும் செய்வது, இந்த இழைகளை மேலும் இறுக்கிப் பிணைப்பதைத்தான். அதனால்தான் பதனிட்ட தோல் அழுகுவதில்லை.

ஆனால் உயிருள்ள உடம்பு பதனிட்ட தோலைப் போல மாறாமல் இருக்க முடியாது. குழந்தை வளர வேண்டும், எலும்பு நீள வேண்டும், காயம் ஆற வேண்டும். அதற்குப் பழைய கயிற்றை அறுக்க ஒரு கருவி தேவை.

தலைப்பிரட்டையின் வால் சொன்ன செய்தி

அந்தக் கருவி 1962 இல் கண்டுபிடிக்கப்பட்டது. அமெரிக்காவில் ஜெரோம் கிராஸ், சார்லஸ் லாப்பியர் என்ற இரு ஆய்வாளர்கள், தலைப்பிரட்டை தவளையாக மாறும்போது அதன் வால் எங்கே போகிறது என்று ஆராய்ந்தார்கள். வாலில் இருந்த கொலாஜனைக் கரைக்கும் ஒரு நொதியை அந்தத் திசுவே சுரப்பதைக் கண்டார்கள். அதற்குக் கொலாஜனேஸ் என்று பெயர். பின்னர் மனிதரிடமும் இத்தகைய நொதிகள் இருப்பது தெரிந்தது. இன்று இவை மேட்ரிக்ஸ் மெட்டலோபுரோட்டினேஸ், சுருக்கமாக எம்.எம்.பி. என்ற குடும்பமாக அறியப்படுகின்றன. மனித உடம்பில் இந்தக் குடும்பத்தில் 23 நொதிகள் உள்ளன. ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு துத்தநாக அணு இருக்கிறது. வெட்டும் வேலை நடப்பது அந்த இடத்தில்தான்.

எம்.எம்.பி.-1 என்ற நொதி மூன்று இழைக் கயிற்றை ஒரே ஓர் இடத்தில் வெட்டுகிறது. முக்கால் பங்கு ஒரு துண்டு, கால் பங்கு ஒரு துண்டு. வெட்டுப்பட்ட துண்டுகள் உடம்பின் சூட்டிலேயே முறுக்கு அவிழ்ந்து ஜெலட்டின் ஆகிவிடுகின்றன. ஆட்டுக்கால் பாயா ஆறியதும் கூழ் போலக் கெட்டிப்படுகிறதே, அது இதே பொருள்தான். அடுப்பின் சூடு பல மணி நேரத்தில் செய்வதை இந்த நொதி உடம்புக்குள் சத்தமில்லாமல் செய்கிறது. பிறகு எம்.எம்.பி.-2, எம்.எம்.பி.-9 போன்றவை அந்த ஜெலட்டினைச் சிறு துண்டுகளாக்கி அப்புறப்படுத்துகின்றன.

இடிப்பதும் அல்லாஹ்வின் ஏற்பாடே

இடிப்பது என்றால் கெடுப்பது என்று நினைக்க வேண்டாம். பிள்ளை பெற்ற தாயின் கருப்பை பிரசவம் முடிந்தவுடன் ஏறத்தாழ ஒரு கிலோ எடை இருக்கும். ஆறு வாரத்தில் அது 60 கிராம் அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. அங்கே சேர்ந்திருந்த கொலாஜனை இத்தகைய நொதிகள் அறுத்து நீக்குவதும் இதற்கு ஒரு முக்கியக் காரணம். பால் பல் விழுந்து புதுப் பல் முளைப்பதிலும், உடைந்த எலும்பு கூடி அதன் வடிவம் சீராவதிலும் இவற்றுக்குப் பங்கு உண்டு.

காயம் ஆறுவதும் அப்படியே. முதலில் ரத்தம் உறைகிறது. அடுத்து வெள்ளை அணுக்கள் வந்து கிருமிகளைக் கொன்று, சிதைந்த திசுவை நொதிகளால் அறுத்துச் சுத்தம் செய்கின்றன. காயத்தின் ஓரத்திலுள்ள தோல் செல்கள் எம்.எம்.பி.-1 ஐச் சுரந்து, வழியிலுள்ள கொலாஜனை விலக்கிக்கொண்டு நடுவை நோக்கி நகர்கின்றன. பிறகு புதுக் கொலாஜன் இடப்படுகிறது. அதன்பின் ஓராண்டு வரைகூட, அவசரத்தில் போட்ட கொலாஜனை அறுத்து உறுதியானதைப் போடும் வேலை தழும்புக்குள் நடந்துகொண்டே இருக்கிறது.

பழைய வீட்டை இடித்துப் புதிதாகக் கட்டும்போது கொத்தனார் செய்வதும் இதைத்தான். ஆனால் இடிப்பவர் எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும். உடம்பு இதற்கு இரண்டு பூட்டுகளை வைத்திருக்கிறது. ஒன்று, இந்த நொதிகள் செயலற்ற நிலையிலேயே உருவாகின்றன. தேவைப்படும்போது ஒரு பகுதி நீங்கினால்தான் வேலை செய்யும். இரண்டாவது, டிம்ப் என்ற நான்கு தடுப்புப் புரதங்கள் வேலை முடிந்ததும் நொதியின் மேல் ஒட்டிக்கொண்டு அதை நிறுத்திவிடுகின்றன. உடல் நலம் என்பது இந்த இடிப்புக்கும் தடுப்புக்கும் இடையிலுள்ள சமநிலை.

சர்க்கரை நோயில் பூட்டு திறந்தே கிடக்கிறது

2023 இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடு தழுவிய ஆய்வு, இந்தியாவில் 10 கோடிக்கும் அதிகமானோருக்கு நீரிழிவு இருப்பதாகக் கணக்கிட்டது. இவர்களுக்குக் காலில் மூன்று கேடுகள் ஒன்றுசேர்ந்து வருகின்றன.

முதலாவது, நரம்பு பழுதாகி உணர்வு குறைகிறது. செருப்புக்குள் கல் இருந்தாலும் தெரியாது. இரண்டாவது, ரத்தக் குழாய்கள் சுருங்கி ஓட்டம் குறைகிறது. பீடி, சிகரெட் பழக்கம் இருந்தால் இன்னும் குறையும். மூன்றாவது, புண்ணுக்குள் நடப்பது. வெள்ளை அணுக்கள் இரண்டொரு நாளில் வேலையை முடித்துத் திரும்பாமல் வாரக்கணக்கில் அங்கேயே தங்கி நொதியைக் கொட்டுகின்றன. தடுப்புப் புரதங்களோ குறைந்துவிடுகின்றன. புதிதாகப் போடப்படும் கொலாஜன் போடப் போட அறுக்கப்படுகிறது. காயம் ஆறத் தூண்டும் வளர்ச்சிக் காரணிகளும் இதே நொதிகளால் வெட்டுப்படுகின்றன.

2002 இல் ஜெர்மனியில் நடந்த ஓர் ஆய்வு இதை அளந்து காட்டியது. சர்க்கரை நோயாளிகளின் கால் புண்ணிலிருந்து எடுத்த திசுவையும், சர்க்கரை நோய் இல்லாதவர்களின் காயத்திலிருந்து எடுத்த திசுவையும் ஒப்பிட்டார்கள். நோயாளிகளின் புண்ணில் எம்.எம்.பி.-1 65 மடங்கும், எம்.எம்.பி.-9 14 மடங்கும் அதிகம் இருந்தன. தடுப்புப் புரதங்களில் ஒன்றான டிம்ப்-2 குறைந்திருந்தது.

இப்போது களிம்பின் நிலையை யோசித்துப் பாருங்கள். கட்டும் வேகத்தைவிட இடிக்கும் வேகம் அதிகமாக உள்ள இடத்தில் மேலே எதைப் பூசினாலும் என்ன பயன்? இடிப்பைத் தூண்டும் காரணங்களை நீக்க வேண்டும். அவை நான்கு: திரும்பத் திரும்ப விழும் அழுத்தம், கிருமி, புண்ணில் தங்கிய செத்த திசு, கட்டுப்படாத சர்க்கரை. இவற்றோடு ரத்த ஓட்டம் போதுமான அளவு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

கரிகிரி கற்றுத் தந்த பாடம்

அழுத்தம் எவ்வளவு பெரிய காரணம் என்பதை உலகுக்கு உணர்த்தியதில் நம் வேலூருக்கு முக்கிய இடம் உண்டு. டாக்டர் பால் பிராண்ட் 1946 இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளிகளின் விரல்களும் பாதங்களும் நோயால் தானே அழுகி விழுகின்றன என்று அக்காலத்தில் எல்லோரும் நம்பியிருந்தனர். வலி தெரியாததால் அதே இடத்தில் மீண்டும் மீண்டும் காயம் படுவதே காரணம் என்று அவர் எடுத்துக்காட்டினார். வேலூரிலும் பின்னர் கரிகிரியிலும், பாதத்துக்கு மாவுக்கட்டுப் போட்டு அழுத்தத்தை விலக்கியபோது பல ஆண்டுப் புண்களும் ஆறின. எம்.சி.ஆர். செருப்பு என்று நம் ஊரில் சொல்கிறோமே, அந்த மென்மையான மைக்ரோசெல்லுலர் ரப்பர் செருப்பும் தொழுநோயாளிகளின் பாதங்களைக் காக்க இங்கே பயன்பாட்டுக்கு வந்ததுதான். 1966 இல் அமெரிக்கா சென்ற பின், இதே பாடம் சர்க்கரை நோயாளிகளின் பாதங்களுக்கும் பொருந்தும் என்று அவர் வலியுறுத்தினார்.

புண்ணோடு நடக்கும் ஒவ்வோர் அடியும் புதிய காயம். ஒவ்வொரு புதிய காயமும் வெள்ளை அணுக்களை மீண்டும் அழைக்கிறது. நொதி மீண்டும் சுரக்கிறது. "வலிக்கவில்லையே, நடந்தால் என்ன?" என்று கேட்கும் பெரியவர்களுக்கு இதை அமர்ந்து விளக்கிச் சொல்லுங்கள். உலகத்துக்கே ஷூ தைத்து அனுப்பும் ஊர் நம்முடையது. நம் வீட்டுப் பெரியவரின் காலுக்குப் பொருத்தமான செருப்பு இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள்.

உளூவோடு ஒரு பரிசோதனை

சர்க்கரை நோயாளி தினமும் பாதத்தைச் சோதிக்க வேண்டும் என்பது மருத்துவர்களின் முதல் அறிவுரை. பலர் மறந்துவிடுகிறார்கள். நமக்கு மறக்க வழியில்லை. ஐவேளைத் தொழுகைக்கு உளூச் செய்யும்போது கால்களைக் கணுக்கால் வரை கழுவி விரல் இடுக்குகளையும் கோதுகிறோம். அந்த நேரத்திலேயே ஒரு பார்வை பார்த்துவிடலாம்.

கொப்புளம், வெடிப்பு, சிவப்பு, வீக்கம், கறுத்த இடம், ஆணி, நகம் உள்ளே வளர்தல் இருக்கிறதா என்று பாருங்கள். உள்ளங்காலைக் குனிந்து பார்க்க முடியாதவர்கள் கண்ணாடியைப் பயன்படுத்தலாம், அல்லது பிள்ளைகளிடம் காட்டலாம். கழுவிய பின் விரல் இடுக்கை உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். ஈரம் நின்றால் சேற்றுப்புண் வரும். வெந்நீராக இருந்தால் சூட்டை முழங்கையால் பார்த்த பிறகே காலில் ஊற்றுங்கள். வேலூர் வெயிலில் பள்ளிவாசல் வாசலின் கல் தரை காலைச் சுட்டுவிடும், உணர்வில்லாத கால் அதைச் சொல்லாது. ஆகவே செருப்பைத் தூரத்தில் விட்டுவிட்டு வெறுங்காலோடு நடக்க வேண்டாம். செருப்பைப் போடும் முன் உள்ளே கையை விட்டுத் தடவிப் பாருங்கள்.

ஏற்கெனவே புண் உள்ளவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சிலர் உளூவுக்காகக் கட்டை அவிழ்த்துப் புண்ணை நனைக்கிறார்கள். சிலர் புண்ணான காலை ஊன்றியே தொழுகிறார்கள். இருப்பில் விரல்களை மடித்து வைக்கும்போது அழுத்தம் முழுவதும் பாதத்தின் முன்பகுதியில் விழுகிறது. கட்டின் மேல் ஈரக் கையால் தடவும் சலுகையும், இயலாதவர் அமர்ந்து தொழும் சலுகையும் மார்க்கத்தில் உண்டு. உங்கள் நிலையைப் பள்ளிவாசல் இமாமிடம் சொல்லி முறையைக் கேட்டுக்கொள்ளுங்கள். நோன்பு வைக்க விரும்பும் சர்க்கரை நோயாளிகள் ரமழானுக்கு முன்பே மருத்துவரிடம் மாத்திரை, இன்சுலின் அளவுகளைப் பேசி முடிவு செய்ய வேண்டும்.

சிகிச்சையில் என்ன செய்வார்கள்?

புண்ணிலுள்ள செத்த திசுவை மருத்துவர் வெட்டி நீக்குவார். இதைக் கண்டு பலர் பயப்படுகிறார்கள். அங்கே தேங்கியிருக்கும் கிருமியும் அளவுக்கு மீறிய நொதியும் அதோடு வெளியேறுகின்றன. வீட்டில் பிளேடால் இதைச் செய்ய முயல்வது பேராபத்து. அடுத்து, அழுத்தத்தை விலக்க மாவுக்கட்டோ சிறப்புச் செருப்போ தருவார்கள். ரத்த ஓட்டத்தையும் சோதிப்பார்கள்.

நொதியைக் கட்டுப்படுத்தும் மருந்துக் கட்டுகளும் இப்போது உள்ளன. சுக்ரோஸ் ஆக்டாசல்ஃபேட் என்ற பொருள் கலந்த கட்டைச் சோதித்த ஐரோப்பிய ஆய்வு 2018 இல் வெளியானது. 240 நோயாளிகளில், இந்தக் கட்டுப் போட்டவர்களில் 48 சதவீதத்தினருக்கு 20 வாரத்தில் புண் மூடியது. மற்றவர்களில் 30 சதவீதம். நல்ல முன்னேற்றம்தான், ஆனாலும் பாதிப் பேருக்கு மூடவில்லை. எந்தக் கட்டும் மற்றச் சிகிச்சைகளுக்கு மாற்றாகாது.

கொலாஜன் கட்டும் போடுவார்கள். நொதி புண்ணிலுள்ள புதுத் திசுவை விட்டு அந்தக் கட்டிலுள்ள கொலாஜனை அறுத்துக்கொண்டிருக்கும் என்பது ஒரு நோக்கம். இது மாடு, மீன், பன்றி என வெவ்வேறு மூலங்களிலிருந்து எடுக்கப்படலாம். நம் மக்கள் தயங்காமல் மருத்துவரிடம் கேட்கலாம். வேறு வகை இருந்தால் மாற்றித் தருவார்கள். வேறு வழியில்லாத நிலை என்றால் ஆலிமிடம் விளக்கம் கேளுங்கள். சந்தேகத்தால் சிகிச்சையைத் தாமாக நிறுத்திவிட வேண்டாம். விளம்பரத்தைப் பார்த்துக் கொலாஜன் பவுடர் வாங்கிக் குடிப்பதால் புண் ஆறிவிடாது. வயிற்றுக்குள் போனதும் அது மற்றப் புரதங்களைப் போலவே செரிக்கப்பட்டுவிடும்.

மற்ற இடங்களிலும் இதே கதை

இதே நொதிகள் வேறு நோய்களிலும் வரம்பு மீறுகின்றன. ஈறு நோயில் எம்.எம்.பி.-8 பல்லைப் பிடித்திருக்கும் திசுவை அறுக்கிறது. சர்க்கரை நோயும் ஈறு நோயும் ஒன்றையொன்று மோசமாக்கும் என்பதால் பல்லையும் கவனியுங்கள். மூட்டுத் தேய்மானத்தில் எம்.எம்.பி.-13 குருத்தெலும்பைக் கரைக்கிறது. காசநோயில் நுரையீரலில் குழி விழுவதில் எம்.எம்.பி.-1 க்குப் பங்கு உண்டு. புற்றுநோய்ச் செல்கள் பரவ வழி வெட்டிக்கொள்வதும் இவற்றால்தான்.

அப்படியென்றால் எல்லாவற்றையும் ஒரே மருந்தால் நிறுத்திவிடலாமே என்று 1990களில் புற்றுநோயாளிகளிடம் முயன்று பார்த்தார்கள். எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை; பலருக்குத் தசையிலும் மூட்டிலும் கடும் வலியும் இறுக்கமும் வந்தன. உடம்புக்கு இந்த நொதிகள் வேண்டும். அவை தம் எல்லைக்குள் இருக்க வேண்டும்.

எப்போது மருத்துவமனைக்கு?

உணர்வில்லாத காலில் எந்தப் புண் வந்தாலும் அன்றோ மறுநாளோ காட்டுங்கள். காய்ச்சல், துர்நாற்றம், சீழ், பரவும் சிவப்பு, கறுப்பு நிறம் இருந்தால் ஒரு மணி நேரமும் தாமதிக்கக் கூடாது. சிகிச்சை தொடங்கி நான்கு வாரத்தில் புண் பாதியளவாவது சுருங்காவிட்டால், சிகிச்சையை மறுபரிசீலனை செய்யும்படி மருத்துவரிடம் கேளுங்கள். புண்ணே இல்லாதவர்களும் ஆண்டுக்கு ஒருமுறை பாத உணர்வைச் சோதித்துக்கொள்வது நல்லது. மெல்லிய நைலான் இழையால் உள்ளங்காலைத் தொட்டுப் பார்ப்பார்கள். சில நிமிட வேலை. அரசு மருத்துவமனைகளில் சர்க்கரை நோய்க்குச் சிகிச்சை இலவசம். 2021 இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. செலவுக்குப் பயந்து யாரும் காலம் கடத்த வேண்டாம். வழி தெரியாதவர்கள் நம் அறக்கட்டளை அலுவலகத்துக்கு வாருங்கள். மருத்துவமனைக்கு உடன் வரவும் ஆள் ஏற்பாடு செய்கிறோம். காலை எடுத்த பிறகு செய்யும் உதவியைவிட, காலைக் காப்பாற்றச் செய்யும் உதவியே எங்களுக்கு மனநிறைவு தருவது.

இன்று மஃரிபுக்கு உளூச் செய்யும்போது உங்கள் பாதத்தைப் பாருங்கள். வீட்டில் சர்க்கரை நோயுள்ள பெரியவர் இருந்தால் அவர் பாதத்தையும் நீங்களே கழுவித் துடைத்துப் பாருங்கள். அல்லாஹ் நம் அனைவருக்கும் பூரண ஆரோக்கியத்தைத் தந்தருள்வானாக. ஆமீன்.